மலைநாட்டு ஈரமும் ரைபிள் குழலும்: வி.சி.ஐ. தாளை இரண்டு மழைக்காலம் பயன்படுத்திப் பார்த்த அனுபவம்

2020 மார்ச் 20ஆம் திகதி நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் போடப்பட்டபோது நான் கொழும்பில் மகள் வீட்டில் இருந்தேன். நாலு நாளில் திரும்பிவிடலாம் என்று புறப்பட்ட பயணம் ஜூலை மாதம் வரை இழுத்துக்கொண்டு போய்விட்டது. நானுஓயாவுக்கு வந்து சேர்ந்ததும், பூட்டியிருந்த அலுமாரியைத் திறந்து, என் தந்தையார் காலத்திலிருந்து குடும்பத்தில் இருந்துவருவதும் இப்போது என் பெயரில் அனுமதிப்பத்திரம் உள்ளதுமான .22 ரைபிளை எடுத்துப் பார்த்தேன். றெக்சின் உறையின் ஜிப்பை இழுத்த கணமே நனைந்த சாக்கின் வாடை அடித்தது. குழலின் இடப்பக்கத்தில், முன்குறிக்கு நாலு விரற்கடை கீழே, ஒரு பெருவிரல் ரேகை துருவாலேயே அச்சடித்ததுபோலப் பதிந்திருந்தது. ரேகையின் சுழி தெரிந்தது. ஒவ்வொரு வரியும் தனித்தனியாகத் தெரிந்தது. சிறுவயதில் கவ்வாத்துக் கத்தி பட்டு என் விரலில் ஏற்பட்ட தழும்பின் குறுக்குக்கோடுகூடத் தெளிவாகத் தெரிந்தது. பிப்ரவரியில் உறைக்குள் வைக்கும்போது வெறுங்கையால் தொட்ட ஒரேயொரு தொடுகை அது.

எண்ணெய் ஊற்றி மிக நைசான இரும்புப் பஞ்சால் மெதுவாகத் தேய்த்ததில் துரு போனது, ஆனால் அந்த இடத்திலிருந்த நீலக்கருமைப் பூச்சும் அதனோடு போய்விட்டது. இன்றும் அங்கே பெருவிரல் அளவில் ஒரு வெள்ளைத் திட்டு இருக்கிறது. என் தந்தையார் முப்பது வருடத்துக்கு மேலாகப் பொன்போலப் பாதுகாத்த பொருளை ஐந்தே மாதத்தில் கெடுத்தேன் என்ற வருத்தத்தில்தான் இந்தச் சோதனைகளைத் தொடங்கினேன். நான் தேயிலைத் தொழிற்சாலையில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவன்; காற்றில் உள்ள ஈரத்தை அளப்பதும், உலர்ந்த பொருளை ஈரம் தொடாமல் பொதி செய்வதும் என் தொழிலாகவே இருந்தன. அந்த அறிவை என் சொந்த அலுமாரியில் பயன்படுத்தாமல் விட்டதுதான் எனக்கு அதிகமாக உறுத்தியது.

இந்த மதிப்பீடு முதன்மையாக வி.சி.ஐ. (Volatile Corrosion Inhibitor, ஆவியாகித் துருவைத் தடுக்கும் பொருள்) தாள் எனப்படும் துருத்தடுப்புத் தாளைப் பற்றியது. அதனோடு சேர்த்துச் சோதித்த வாசலின், தையல் இயந்திர எண்ணெய், தெளிப்பு எண்ணெய், மெழுகு, தேங்காய் எண்ணெய் ஆகியவற்றைப் பற்றியும் சொல்கிறேன். சட்டப்படி அனுமதிப்பத்திரம் பெற்ற துவக்கு வைத்திருந்து, மாதக்கணக்கில் அதைத் தொடாமல் பூட்டிவைக்க வேண்டியிருப்பவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

முதலில் நம் ஊர்க் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். நுவரெலியா நகரம் கடல்மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறக்குறைய 16 பாகை செல்சியஸ். நானுஓயா, தலவாக்கலை, ஹட்டன், மஸ்கெலியா என்று மேற்குச் சரிவில் இறங்கிக்கொண்டே போனால், மே மாதம் தொடங்கிச் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றின் மழையும் மூடுபனியும் மாறிமாறி வரும். துணி காயாது, உப்புப் போத்தலில் உப்பு கசியும், சப்பாத்தில் பூஞ்சணம் பூக்கும். காற்றின் சார்பு ஈரப்பதம் ஏறத்தாழ 60 வீதத்தைத் தாண்டினாலே இரும்பு துருப்பிடிக்கும் வேகம் சட்டென்று கூடிவிடுகிறது. எங்கள் பக்கத்து மழைக்காலத்தில் அந்த எல்லைக்குக் கீழே ஒரு நாள் கிடைப்பதே அபூர்வம். பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கத்து வாசகர்களுக்கு நாட்காட்டி வேறு: எங்களுக்கு மழை கொட்டும் ஜூலை, ஆகஸ்டில் அவர்களுக்கு உலர்காற்று வீசும், அவர்களுடைய ஈரக்காலம் ஆண்டின் கடைசி மாதங்களில் வரும். எனவே நான் மே என்று சொல்லும் இடங்களில் அவர்கள் ஒக்டோபர் என்று எடுத்துக்கொள்ளலாம்.

துரு, யாழ்ப்பாணத்தார் பேச்சில் கறள், உருவாவதற்கு மழைத்துளி விழ வேண்டும் என்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய நீர்ப்படலம் ஒன்று இரும்பின்மீது படிந்திருந்தால் போதும்; காற்றிலுள்ள ஒட்சிசனும் அந்த நீரும் சேர்ந்து வேலையைத் தொடங்கிவிடும். அந்தப் படலத்தில் உப்பு கலந்திருந்தால் வேகம் பலமடங்காகும். கைவியர்வையில் இருப்பது அதே உப்புத்தான் என்பதால்தான் என் பெருவிரல் அங்கே அச்சாகியது. அலுமினியத்தின்மேல் உண்டாகும் ஒட்சைட்டுப் படலம் உலோகத்தை இறுக மூடிக் காப்பாற்றும். இரும்பின் துருவோ பஞ்சுபோல நுண்துளைகள் நிறைந்தது, அது மேலும் ஈரத்தைப் பிடித்துவைத்து உள்நோக்கித் தின்றுகொண்டே போகும். குழலின்மேல் உள்ள நீலக்கருமைப் பூச்சைப் பார்த்துப் பலர் ஏமாறுகிறார்கள். அது பெயின்ட் அல்ல, இரும்பையே கட்டுப்படுத்தி ஒட்சியேற்றி உண்டாக்கிய மெல்லிய படலம். எண்ணெயை ஏந்தி வைத்திருக்கும் வரைதான் அது காவல்.

ரைபிளில் இன்னொரு கவலை உள்ளே இருக்கிறது. குழலின் உட்சுவரில் சுருளாக ஓடும் வரிப்பள்ளங்களின் ஓரங்களில் கரியும் ஈயமும் தங்கும்; அந்த அழுக்கு ஈரத்தை உறிஞ்சிவைக்கும். வெளியே பளபளவென்று இருக்கும் குழல் உள்ளே அம்மைத்தழும்பு விழுந்ததுபோல இருந்தால், அதைத் திருத்த நம் ஊரில் வழியில்லை.

சோதனையை நான் துவக்கில் தொடங்கவில்லை. ஒரே இரும்புப் பட்டையை வெல்டிங் கடையில் ஒரு சாண் நீளத் துண்டுகளாக எட்டாக வெட்டுவித்து, ஒவ்வொன்றையும் உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்து, தின்னரில் கழுவி, பருத்திக் கையுறை அணிந்து, ஒன்றை வெறுமனே விட்டு மற்ற ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு பாதுகாப்பைக் கொடுத்து, மே மாதம் முதலாம் திகதி பின்வராந்தாவை ஒட்டிய சாமான் அறையில் கயிற்றில் தொங்கவிட்டேன். ஒக்டோபர் முடியும்வரை ஞாயிற்றுக்கிழமை தோறும் பார்த்துக் குறித்துவைத்தேன். ஒன்றும் பூசாத துண்டில் நாலாம் நாளே செம்மண்புள்ளி கண்டது.

தேங்காய் எண்ணெயைச் சோதித்ததற்குக் காரணம், எங்கள் தோட்டத்துப் பெரியவர்கள் இன்றும் அதையே சொல்வதுதான். "இத்தனை செலவு எதுக்குங்க ஐயா, தேங்காய் எண்ணெயத் தடவி வச்சா ஆயுசுக்கும் போதும்" என்று ஹார்ட்வெயார் கடையில் ஒருவர் மிகுந்த அன்போடு சொன்னார். கரையோரத்தில் அது எப்படியோ, இங்கே தேங்காய் எண்ணெய் போத்தலுக்குள்ளேயே வருடத்தில் பாதி நாள் வெள்ளையாக உறைந்து கிடக்கும். இரும்பின்மேலும் அப்படியே திட்டுத்திட்டாக உறைந்தது. ஆறு வாரத்தில் சிக்கு வாடை வந்தது. துடைத்துப் பார்த்தபோது உறைந்த திட்டுகளுக்கு இடையில் பழுப்பு நிறம் ஓடியிருந்தது. சமையல் எண்ணெய்கள் காற்றுப்பட்டுக் கெடும்போது அமிலம் உண்டாகும், சில பிசினாகவும் இறுகும். துவக்கின் எந்தப் பாகத்துக்கும் அவற்றை நான் சொல்லமாட்டேன்.

தையல் இயந்திர எண்ணெய் நல்ல எண்ணெய், ஆனால் மெல்லியது. இரண்டு மாதத்தில் துண்டின் மேற்பாதி வறண்டு புள்ளி விழுந்தது, எண்ணெய் வடிந்து தேங்கிய கீழ்ப்பாதி அப்படியே இருந்தது. மாதம் ஒருமுறை துடைத்துப் பூசக்கூடியவர்களுக்கு அது தாராளமாகப் போதும். நீரை விரட்டவென்று விற்கப்படும் தெளிப்பு எண்ணெய் வகைகளும் இதே கதைதான்: மழையில் நனைந்த துவக்கிலிருந்து நீரை வெளியேற்ற அவற்றைப்போல வேறொன்றில்லை, ஆனால் அவற்றின் பெரும்பகுதி ஆவியாகிப்போய் மிக மெல்லிய படலமே எஞ்சுவதால், நாலு வாரத்துக்குப் பிறகு அவற்றை நம்பியிருப்பது சரியல்ல. நீரை விரட்ட ஒன்று, நீண்டநாள் காவலுக்கு வேறொன்று என்று பிரித்து நினைத்தால் குழப்பம் இராது. துவக்குக்கென்றே விற்கப்படும் எண்ணெய் ஒன்று நாலு மாதம்வரை நின்றது.

மெழுகு என் எதிர்பார்ப்பை மீறியது. அருங்காட்சியகங்களில் உலோகப் பொருட்களுக்குப் பூசும் நுண்படிக மெழுகில் ஒரு சிறு டப்பா உறவினர் ஒருவரிடமிருந்து கிடைத்தது. மெல்லத் தடவி, காயவிட்டு, துணியால் மெருகேற்றினால் பிசுக்கே இல்லை, தொட்டாலும் ரேகை பதியாது. துண்டின் இரண்டு கூர்முனைகளில் மட்டும், மெருகேற்றும்போது மெழுகு வழுகிப்போன இடத்தில், சிறு துரு கண்டது. குழலின் வெளிப்புறத்துக்கும் விசைக்காவல் வளையத்துக்கும் இதை நான் இப்போதும் பயன்படுத்துகிறேன். குழலின் உட்புறத்துக்கு இது உதவாது.

இனி வாசலின். பெற்றோலியத்திலிருந்து எடுக்கப்படும் இந்தக் களிம்பு எளிமையானது, எந்தப் பலசரக்குக் கடையிலும் கிடைப்பது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கப் படையினர் துப்பாக்கிகளைக் கப்பலில் அனுப்புமுன் பூசிய கொஸ்மோலின் என்ற தடித்த களிம்பும் அதன் நெருங்கிய உறவுதான். அந்தக் களிம்பு பூசிப் பெட்டியில் அடைக்கப்பட்ட துப்பாக்கிகள் பல பத்தாண்டுகள் கழித்துத் திறக்கப்பட்டபோதும் புதிதாகவே இருந்தன என்பது துவக்குச் சேகரிப்பாளர் அனைவரும் அறிந்த செய்தி. என் சோதனையில் வாசலின் பூசிய துண்டு ஆறு மாதமும் தாங்கியது. கயிறு உராய்ந்து களிம்பு விலகிய துளையின் விளிம்பில் மட்டும் துரு. வாசலினை ஆறின நிலையில் அப்பினால் அடியில் காற்றுக்குமிழ் தங்கும். நான் டப்பாவைச் சுடுநீரில் வைத்து இளக்கி, குழலையும் அடுப்படி வெப்பத்தில் இளஞ்சூடாக்கி, தூரிகையால் பூசினேன். அப்படிப் பூசியது கண்ணாடிபோலப் படிந்தது.

களிம்பு நீரை வெளியே நிறுத்தும். முன்பே உள்ளே இருக்கும் நீரையோ உப்பையோ அது ஒன்றும் செய்யாது, மாறாக அவற்றை இரும்போடு சேர்த்துப் பூட்டிவிடும். ஈரக் குழலின்மேல் பூசிய வாசலின் துருவுக்குப் போர்த்திய கம்பளிதான். குழலின் உட்புறம் பூசிய களிம்பை முழுவதும் எடுக்காமல் சுடுவது உயிராபத்து என்பதையும் இங்கேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன். உள்ளே தங்கிய களிம்பு தோட்டாவின் வழியை அடைக்கும். அழுத்தம் ஏறிக் குழல் வீங்கலாம், வெடிக்கவும் கூடும். நான் வாசலின் பூசிய துவக்கின் விசைக்காவலில் "குழலுக்குள் களிம்பு உண்டு" என்று எழுதிய சிவப்பு அட்டையைக் கட்டாமல் அலுமாரியைப் பூட்டியதே இல்லை.

எட்டாவது துண்டு, வி.சி.ஐ. தாளில் சுற்றி, பொலித்தீன் பையில் போட்டு, வாயை மடித்து ஒட்டியது. அதில் எண்ணெயும் இல்லை, களிம்பும் இல்லை, வெறும் இரும்பு. ஒக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை பிரித்தபோது, மே மாதம் உப்புத்தாள் தேய்த்த கோடுகள் அன்று தேய்த்ததுபோல மின்னின. வெளிச்சத்தில் திருப்பித்திருப்பிப் பார்த்தேன், பூதக்கண்ணாடி வைத்தும் பார்த்தேன். ஒரு புள்ளி இல்லை. என் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அந்த மகிழ்ச்சியை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

இந்தத் தாள் வேலைசெய்யும் விதம் களிம்பின் விதத்திலிருந்து முற்றிலும் வேறானது. சாதாரண பழுப்புத்தாளில், மெதுவாக ஆவியாகும் இரசாயனம் ஒன்று ஊட்டப்பட்டிருக்கிறது. மூடிய பைக்குள் அந்த ஆவி நிறைந்து, இரும்பின் பரப்பு முழுவதும் மிக மெல்லிய படையாகப் படிந்து, நீரும் ஒட்சிசனும் இரும்போடு சேர்ந்து செய்யும் வேலையைத் தடுக்கிறது. தாள் தொடாத மூலை முடுக்குகளுக்கும் ஆவி போய்ச் சேரும் என்பதே இதன் பெருமை. வரிப்பள்ளங்களுக்கு இதைவிடப் பொருத்தமான காவல் எனக்குத் தெரியவில்லை. பயன்படுத்தும்போது துடைத்தெடுக்க ஒன்றுமில்லை; பையைத் திறந்து சற்று நேரம் விட்டால் ஆவி தானாகவே கலைந்துவிடும். தொழிற்சாலையில் ட்ரையரிலிருந்து மூன்று வீத ஈரத்தோடு வெளிவரும் தேயிலையை, அது மீண்டும் ஈரம் குடிக்காதபடி அலுமினியத்தாள் உள்ளுறை வைத்த பையில் உடனே அடைப்போம் அல்லவா, அந்த ஒழுக்கம் தெரிந்தவர்களுக்கு இந்தத் தாளைக் கையாள்வது புதிதாக இராது.

வாங்கும்போது கவனம் வேண்டும். கொழும்பு புறக்கோட்டையில் பொதிசெய்யும் பொருட்கள் விற்கும் கடையொன்றில் முதன்முறை நான் கேட்டு வாங்கி வந்தது வெறும் மெழுகுத்தாள் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. விற்றவர் வேண்டுமென்று ஏமாற்றினார் என்று சொல்லமாட்டேன். அவருக்கும் வேறுபாடு தெரியவில்லை. ஆனால் அந்தத் தாளை நம்பி ரைபிளைச் சுற்றியிருந்தால் இரண்டாம் முறையும் நான் அழுதிருப்பேன். அதனால் எந்தத் தாளையும் சுற்றுவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்துபாருங்கள். மூடியுள்ள இரண்டு ஜாம் போத்தல்களை எடுத்து, இரண்டின் அடியிலும் நனைத்த பஞ்சு வையுங்கள். பளபளக்கத் தேய்த்துத் தின்னரில் கழுவிய ஆணி ஒன்றை ஒவ்வொன்றின் மூடியிலிருந்தும் பஞ்சில் படாமல் தொங்கவிடுங்கள். ஒரு போத்தலுக்குள் மட்டும் அந்தத் தாளில் உள்ளங்கை அகலத் துண்டை வையுங்கள். இரண்டையும் மூடி ஒரு பகல் அப்படியே விட்டு, பிறகு இரவில் குளிரும் ஜன்னலோரத்தில் வைத்துவிட்டால், இரண்டு மூன்று நாளில் பதில் கிடைத்துவிடும். தாள் இல்லாத போத்தலின் ஆணி பழுத்திருக்கும். நல்ல தாள் உள்ள போத்தலின் ஆணி வெளுப்பாகவே இருக்கும். என் மெழுகுத்தாளோடு இருந்த ஆணி மற்றதோடு போட்டிபோட்டுத் துருப்பிடித்தது.

இரண்டாம் முறை, இயந்திர உதிரிப்பாகம் இறக்குமதி செய்யும் வேறொரு இடத்தில், அச்சடித்த குறியும் உற்பத்தித் திகதியும் உள்ள உருளையிலிருந்து இரண்டு மீற்றர் வெட்டி வாங்கினேன். சோதனைத் துண்டுக்கும் ரைபிளுக்குமாக இரண்டு பருவகாலத்துக்கு அது போதுமாக இருந்தது. வாசலினைவிட விலை அதிகம், துவக்குக்கென்று விற்கும் சிறு எண்ணெய்ப் போத்தலைவிட அதிகமில்லை. இரும்புக்கு மட்டுமான தாளா, பல உலோகத்துக்குமான தாளா என்று கேட்டு வாங்குங்கள். இரும்புக்கான சில வகைகள் பித்தளை, செம்புப் பாகங்களைக் கறுக்கவைக்கும். பூச்சுள்ள பக்கம் உலோகத்தை நோக்கி இருக்க வேண்டும். ஆவியின் வீச்சு ஏறக்குறைய ஓர் அடி தூரத்துக்குத்தான், எனவே பெரிய அலுமாரியின் மூலையில் ஒரு துண்டைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கக்கூடாது. தாளைத் தொட்ட கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள். பிள்ளைகளுக்கு எட்டும் இடத்தில் வெட்டுத்துண்டுகளைப் போடாதீர்கள்.

அடுத்த மழைக்காலத்தில் ரைபிளை அந்தத் தாளிலும், காட்டுப்பன்றிக்காக மரக்கறித் தோட்டத்துக்கு வைத்திருக்கும் பன்னிரண்டு போர் (12 bore) துவக்கை வாசலினிலும் வைத்தேன். மே மாதத்தில் ஒரு வெயில் நாளாகப் பார்த்து, தோட்டா உள்ளே இல்லை என்று இரண்டு முறை பார்த்து உறுதிசெய்து, தோட்டாக்களை வேறு பூட்டில் வைத்துவிட்டு வேலையைத் தொடங்கினேன். குழலின் பின்வாயை மூடும் போல்ட்டை ரைபிளிலிருந்து கழற்றி, பின்பக்கத்திலிருந்து பித்தளைத் தூரிகையும் பிறகு துணித்துண்டுகளும் விட்டு, துணி வெள்ளையாக வெளிவரும்வரை துடைத்தேன். பதினான்கு துண்டுத் துணி செலவானது. பத்தாவது துண்டுவரை சாம்பல் நிறம் வந்துகொண்டே இருந்தது. இந்தச் சுத்தத்துக்கு நான் செலவிட்ட ஒன்றரை மணி நேரம், எந்தத் தாளையும் களிம்பையும்விடக் குழலுக்கு நன்மை செய்திருக்கும் என்று நம்புகிறேன். பழைய தோட்டாக்கள் சிலவற்றின் பற்றவைப்பு மருந்து குழலில் பொட்டாசியம் குளோரைட்டு என்ற உப்பை விட்டுச்செல்லும். எண்ணெய் அதைக் கரைக்காது, சுடுநீர்தான் கரைக்கும். அப்படிப்பட்ட தோட்டா பயன்பட்ட குழலைச் சுடுநீரால் கழுவி, அந்தச் சூட்டிலேயே உலர்த்தித் துடைக்க வேண்டும்.

.22 குழலின் உள்விட்டம் ஆறு மில்லிமீற்றருக்கும் குறைவு. தாளைப் பென்சிலைவிட மெல்லிய நீண்ட சுருளாகச் சுருட்டி உள்ளே விட்டு, இரண்டு முனையிலும் ஒரு விரல் நீளம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கச் செய்து, முனைகளில் சிவப்பு நூல் கட்டினேன். தாள் உள்ளே மறந்துபோனால் களிம்பைப்போலவே ஆபத்து என்பதால் இந்த நூலை யாரும் விட்டுவிட வேண்டாம். பிறகு குழலின் வெளியே ஒரு சுற்று, அதன்மேல் தடித்த பொலித்தீன், ஓரங்களில் ஒட்டுநாடா. மரப்பிடியைப் பொலித்தீனுக்குள் விடவில்லை. மரம் வைத்திருக்கும் ஈரம் பைக்குள் வியர்த்துக் குழலில் படியும். தாள் சுற்றுமுன் குழலில் தடித்த எண்ணெய் இருந்தால் ஆவி இரும்பைச் சென்றடையாது, ஆகவே நன்றாகத் துடைத்த குழலே இதற்குச் சரி.

ஆறு மாதம் கழித்து ரைபிளின் குழலுக்குள் மின்விளக்கு வெளிச்சம் விட்டுப் பார்த்தபோது, வரிகள் வாய் முதல் அடிவரை ஒரே பளபளப்பாகச் சுழன்று போயின. பெருவிரல் திட்டு, பூச்சே இல்லாத அந்த வெற்று இரும்பு, அப்படியே வெள்ளையாக இருந்தது. எனக்கு அதுவே பெரிய சான்று. பன்னிரண்டு போர் குழலும் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் களிம்பை முழுதாக எடுக்க ஒரு பகல் போனது, கீல் மூட்டிலும், சுட்ட தோட்டாவின் கூட்டை வெளியே தள்ளும் உமிழ்கருவியின் இடுக்கிலும் தங்கியதை எடுக்கப் பற்குச்சி தேவைப்பட்டது. எளிமையாகக் கழற்றக்கூடிய ஒற்றைக்குழல் துவக்குக்கு வாசலின் போதும், மலிவு. நுண்ணிய உறுப்புகள் உள்ள ரைபிளுக்கு வி.சி.ஐ. தாளைத்தான் சொல்வேன்.

தாளுக்குக் குறையும் உண்டு. அடிக்கடி பையைத் திறப்பவர்களுக்கு அது பயனில்லை. திறக்கும் ஒவ்வொரு முறையும் ஆவி வெளியே போகிறது. நன்றாக மூடியிருந்தால் ஒன்றிரண்டு வருடம் நிற்கும், அதன்பின் மாற்ற வேண்டும். முன்பே பிடித்த துருவை அது எடுக்காது. பொலித்தீனில் ஊசித்துளை இருந்தாலும் பலன் மெல்லமெல்லக் குறையும்.

உறையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. றெக்சின், கன்வஸ், தோல் எதுவானாலும், உள்ளே மெத்தை வைத்த உறை துவக்கைத் தூக்கிச் செல்வதற்குத்தான். குடியிருக்க வைப்பதற்கு அல்ல. மெத்தை ஈரத்தைக் குடித்து வைத்திருக்கும், தோலைப் பதப்படுத்திய மருந்தில் அமிலம் இருக்கும். குழல் வாயில் துணி அடைப்பதும் அதே தவறு. துணிக்குப் பின்னால் நின்ற காற்று வியர்க்கும். எண்ணெய் பூசி நிறுத்தி வைப்பவர்கள் குழல்வாய் கீழே இருக்கும்படி வைத்தால், வடியும் எண்ணெய் மரப்பிடிக்குள் இறங்கி அதை உளுத்துப்போகச் செய்யாது.

அலுமாரியின் காற்றையே மாற்றும் வழியொன்றும் இருக்கிறது, அதை எங்கள் பங்களாக்களில் நெடுங்காலமாகச் செய்துவந்தார்கள்: துணி அலுமாரியின் அடித்தட்டில் ஒரு சிறு மின்குமிழை எரியவிடுவது. தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் இடத்தில் தொங்கும் ஈரக்குமிழ், உலர்குமிழ் வெப்பமானி இரட்டையைப்போல ஒன்றை என் அலுமாரிக்குள் வைத்துப் பார்த்தேன். ஈரக்குமிழில் நனைந்த துணி சுற்றியிருக்கும்; இரண்டும் காட்டும் வித்தியாசம் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு காற்று உலர்ந்தது என்று பொருள். ஜூலை மாத மாலையொன்றில் உலர்குமிழ் 16, ஈரக்குமிழ் 14.5, அதாவது ஈரப்பதம் 85 வீதமளவில். 15 வாட் குமிழை ஏற்றி மறுநாள் காலை பார்த்தபோது உலர்குமிழ் 22ஐத் தொட்டிருந்தது, இரண்டுக்கும் இடையே ஐந்து பாகைக்கு மேல் வித்தியாசம். காற்றில் உள்ள நீர் அதேயளவுதான். ஆனால் சூடான காற்று கூடுதல் நீரைத் தாங்கக்கூடியது என்பதால் ஈரப்பதம் 60 வீதத்துக்குக் கீழே வந்துவிட்டது. பழைய இழைக்குமிழ்தான் சூடு தரும், இப்போதைய எல்.ஈ.டி. குமிழ் தராது. துணியோ பொலித்தீனோ படாமல் கம்பிக்கூடு போட வேண்டும், தோட்டாக்களை அந்தப் பக்கமே வைக்கக்கூடாது. மின்சாரம் நின்றால் காவலும் நின்றுவிடும். 2022இல் நாளொன்றுக்குப் பல மணிநேரம் மின்வெட்டு இருந்த மாதங்களில் அதை நன்றாக உணர்ந்தேன். ஆகவே குமிழ் தாளுக்குத் துணை, தாளுக்கு மாற்று அல்ல.

சிலிக்கா ஜெல் பைகளும் அப்படியே. ஈரம் குடித்து நிறைந்ததும் அவை வெறும் மணல்தான். மணிகளின் நிறம் மாறியதும் 120 பாகை வெப்பத்தில் வெதுப்பியில் (oven) இரண்டு மணி நேரம் உலர்த்தி மீண்டும் வைக்க வேண்டும். காற்றுப்புகாத இரும்புப் பெட்டிக்குள் நன்றாக வேலைசெய்யும், இடைவெளியுள்ள மர அலுமாரியில் நுவரெலியாவின் மூடுபனி முழுவதையும் அது குடித்துத் தீர்க்க முடியாது.

ஜனவரி, பிப்ரவரிக் குளிரில் புல்லில் உறைபனி விழும் காலத்தில் வேறொரு கவனம் வேண்டும். விடியற்காலைத் தோட்டத்திலிருந்து குளிர்ந்த துவக்கை நேராகச் சமையலறைச் சூட்டுக்குக் கொண்டுவந்தால், தேநீர்க் கெத்தலின் ஆவியில் ஒரு நிமிடத்தில் குழல் முழுவதும் பனித்துவிடும். 20 பாகையில் 80 வீத ஈரமுள்ள அறைக்காற்று, 16 பாகைக்குச் சற்று மேலே குளிர்ந்தாலே நீராகப் படியத் தொடங்கும். வெளியே இருந்து வந்த குழலோ அதைவிட எவ்வளவோ குளிர்ந்தது. வராந்தாவில் ஒரு மணி நேரம் விட்டு, துடைத்து, பிறகு உள்ளே எடுக்க வேண்டும். அந்த ஈரத்தோடு பையில் அடைத்தால் எந்தத் தாளும் தோற்றுவிடும்.

சுடுகலன் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரத்தை வருடந்தோறும் புதுப்பிக்க வேண்டியிருப்பதால், துவக்கை எடுத்துத் தொடர் இலக்கத்தைச் சரிபார்க்கும் ஒரு நாள் எப்படியும் வரும். நான் பழைய தாளைக் கழற்றிப் புதிய தாளைச் சுற்றுவதை அதே நாளில் வைத்துக்கொண்டேன். இந்த வருடம் பழைய தாளில் ஒரு துண்டை எறியாமல் ஜாம் போத்தல் சோதனைக்குப் போட்டிருக்கிறேன். இன்று ஐந்தாம் நாள். ஆணியின் தலையருகே மட்டும் ஊசிமுனை அளவில் ஒரு பழுப்பு தெரிகிறது, உடல் வெளுப்பாகவே இருக்கிறது.